விசாவுக்கு ஏஜென்ட் வேணுமா, நாமளே போட்டுக்கலாமா? கையெழுத்துக்கு முன்னாடி ஒரு கைடு!

சென்னையிலிருந்து பைக்கில் கோவளம் போகிறவர்களுக்கு இ.சி.ஆர் என்றால் ஒரே அர்த்தம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலை. ஆனால் அதே கோவளத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குக் கிளம்புகிற ஒருவருடைய பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர் என்று இருந்தால், அது ‘எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்’. அதாவது, சில நாடுகளுக்கு வேலைக்காகப் போகும் முன் இவருடைய பேப்பர்களை அரசு ஒருமுறை பார்த்து ஓகே சொல்ல வேண்டும்.

இந்த மூன்றெழுத்துக்கு ரெண்டாவது அர்த்தம் இருப்பதே தெரியாமல் ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டை நீட்டுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கோவளத்தையே எடுத்துக்கோங்க. ஒரு பக்கம் மீனவர் குப்பம், சர்ஃபிங் அலை, ரிசார்ட்டுகள். கேளம்பாக்கம் பக்கம் திரும்பினால் ஓ.எம்.ஆரும் ஐ.டி கம்பெனிகளும். ஒரே தெருவில் ஒருத்தர் மாலத்தீவுக்கு டூர் பிளான் பண்ணுவார், இன்னொருத்தர் தங்கச்சியை மாஸ்டர்ஸ் படிக்க கனடா அனுப்பப் பார்ப்பார், மூணாவது ஆள் துபாய் வேலைக்கு நகையை அடகு வைத்துக்கொண்டிருப்பார். மூணு பேரும் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: “ஏஜென்ட் கிட்ட கொடுக்கலாமா, நாமளே பண்ணிடலாமா?”

கேள்வி ஒண்ணு. ஆனால் பதில் மூணு. டூருக்கு ஒரு பதில், படிப்புக்கு ஒரு பதில், வேலைக்கு வேறொரு பதில். இதைக் குழப்பிக்கொள்ளும்போதுதான் பணமும் போகிறது, சில நேரம் ஆளே மாட்டிக்கொள்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஏஜென்ட்டால் முடியாதது என்ன?

விசா கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் தூதரகமோ குடியேற்றத் துறையோதான். நீங்கள் பேப்பர் கொடுத்து, கைரேகை வைக்கிற வி.எஃப்.எஸ் மாதிரியான விசா மையங்களுக்குக்கூட முடிவில் எந்தப் பங்கும் கிடையாது. வாங்கி, அடுக்கி, அனுப்பி, திரும்ப வந்த பாஸ்போர்ட்டை உங்களிடம் கொடுப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அப்படியிருக்க, தெருமுனை ஏஜென்ட் “100% கேரன்ட்டி, உள்ளே ஆள் இருக்கு” என்று சொன்னால் ரெண்டில் ஒன்றுதான். பொய் சொல்கிறார், இல்லை பொய்ப் பேப்பர் வைக்கப்போகிறார்.

இன்னொரு விஷயம், ரொம்ப முக்கியமானது. விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் அதில் இருப்பதற்குப் பொறுப்பு நீங்கள்தான். அமெரிக்க விசாவுக்கான டி.எஸ்-160 படிவத்தின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். “இந்தப் படிவத்தை நிரப்ப யாராவது உதவினார்களா?” என்று ஒரு கேள்வி இருக்கும். உதவியிருந்தால் அவர் விவரத்தைச் சொல்ல வேண்டும். வேறொருவர் நிரப்பிக் கொடுத்தாலும் கடைசியில் மின்னணுக் கையெழுத்தை விண்ணப்பதாரரே போட வேண்டும் என்பது அமெரிக்க அரசின் விதி. பல ஏஜென்ட்டுகள் அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்து, உங்கள் சார்பில் அவர்களே கையெழுத்தையும் போட்டு அனுப்பிவிடுவார்கள். உங்கள் விண்ணப்பத்தில் முதல் பொய் அங்கேயே விழுந்துவிட்டது. உங்களுக்கே தெரியாமல்!

பொய்க்கு விலை என்ன? நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஏமாற்று நிரூபணமானால் 10 ஆண்டு வரை தடை. கனடாவில் 5 ஆண்டு. ஆஸ்திரேலியாவில் பொய்யான தகவல், ஆவணத்துக்கு 3 ஆண்டு, அடையாளத்தில் பொய் என்றால் 10 ஆண்டு. அமெரிக்காவில் தெரிந்தே உண்மையை மறைத்தால் வாழ்நாள் தடையே வரலாம். எந்த நாடும் இந்தத் தடையை ஏஜென்ட் பெயரில் போடாது. அவர் அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விடுவார். தடை நிற்பது உங்கள் பாஸ்போர்ட்டில்.

டூருக்குப் போறீங்களா? நீங்களே பண்ணுங்க

சுற்றுலா விசாவில் பெரும்பாலான வேலை, போனிலும் லேப்டாப்பிலும் முடிகிற வேலை. ரயில் டிக்கெட் புக் பண்ணத் தெரிந்தவர்களுக்கு இதுவும் வரும். பொறுமை மட்டும் கொஞ்சம் கூட வேண்டும்.

மாலத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களுக்கு முன்கூட்டி விசாவே தேவையில்லை, இறங்கியதும் கொடுத்துவிடுவார்கள். பயணத்துக்கு 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். அது இலவசம். சிங்கப்பூரின் வருகை அட்டையும் மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையும் அப்படித்தான். இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. ஆனால் கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கிற தளங்கள், அசல் தளம் மாதிரியே கொடியும் முத்திரையும் வைத்துக்கொண்டு, இந்த இலவசப் படிவத்துக்குக் காசு கேட்கும். பணம் போவது ஒரு பக்கம். பாஸ்போர்ட்டின் முழு விவரமும் யாரோ முகம் தெரியாத ஆளிடம் போவது இன்னொரு பக்கம்.

இதைத் தவிர்க்க சிம்பிள் வழி: தேடலில் ‘ஸ்பான்சர்டு’ என்று வருவதைத் தொடாதீர்கள். அந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்துக்குப் போய், அங்கிருந்து வரும் லிங்க் வழியாக மட்டும் உள்ளே போங்கள்.

ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசா கொஞ்சம் பெரிய வேலை. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போனால் எடுக்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சந்தேகம் வந்தால் 45 நாள் வரை இழுக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவார்கள், மேல்முறையீடும் செய்யலாம். கட்டிய பணம் மட்டும் திரும்ப வராது.

பேப்பர்கள் என்று பார்த்தால் எந்த நாட்டுக்கும் அடிப்படை இதுதான்:

1. பயணம் முடிந்த பிறகும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். பல நாடுகள் 6 மாதம் கேட்கும், ஷெங்கனுக்கு 3 மாதம்.
2. வேலைக்கான ஆதாரம். கம்பெனியின் லீவு லெட்டர், சம்பளச் சீட்டு. சொந்தத் தொழில் என்றால் பதிவுச் சான்று, வருமான வரிக் கணக்கு.
3. வங்கிக் கணக்கு விவரம். வழக்கமாக 3 முதல் 6 மாதத்துக்கு.
4. தங்கும் இடம், போய்வர டிக்கெட் விவரம்.
5. எதுக்குப் போறீங்க, எப்போ திரும்புறீங்க என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம்.

இதில் ரெண்டு இடத்தில் ஏஜென்ட்டுகள் ஆசை காட்டுவார்கள். ஒன்று, “அக்கவுன்ட்ல பணம் காட்டித் தர்றோம்.” ஆறு மாதமாக 8,000 ரூபாய் தாண்டாத கணக்கில் திடீரென்று 5 லட்சம் வந்து விழுந்தால், விசா அதிகாரி முதலில் கேட்கும் கேள்வியே அது எங்கிருந்து வந்தது என்பதுதான். ரெண்டாவது, ‘டம்மி டிக்கெட்.’ விமானத்தில் இருக்கையை முறையாக ஹோல்டு செய்து வைப்பது வேறு, இல்லாத பி.என்.ஆர் நம்பரை அச்சடித்துக் கொடுப்பது வேறு. முதலாவதை ஏற்பார்கள். ரெண்டாவது மோசடி ஆவணம்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. “முன்னாடி ரிஜெக்ட் ஆச்சா? இல்லைனு போட்டுடலாம் சார், அவங்களுக்கு எப்படித் தெரியும்?” தெரியும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. பழைய மறுப்பு மட்டுமே உங்களைக் கெடுத்துவிடாது. மறைத்தது தெரிந்தால் கெடுக்கும்.

அப்போ ஏஜென்ட்டே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. சில இடத்தில் ஏஜென்ட் என்பவர் சிஸ்டத்திலேயே ஒரு பகுதி. இந்தியாவிலிருந்து சிங்கப்பூர் விசாவுக்குப் போகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜென்ட் வழியாகத்தான் பொதுவாக விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூரிலேயே சொந்தக்காரர் யாராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வைத்திருந்தால் அவர் அங்கிருந்து ஆன்லைனில் போடலாம். அசல் விசா கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். அதற்கு மேல் எவ்வளவு சேவைக் கட்டணம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷனும் இப்படித்தான். வெளிநாட்டு வேலைக்கோ குடும்ப விசாவுக்கோ டிகிரி சர்ட்டிஃபிகேட், திருமணச் சான்று எல்லாம் முதலில் மாநில அரசு அளவில் சரிபார்க்கப்பட்டு, பிறகு வெளியுறவு அமைச்சக முத்திரை வாங்க வேண்டும். அமைச்சகம் 2012 முதல் பேப்பர்களைத் தனிநபர்களிடம் நேரில் வாங்குவதில்லை, தான் நியமித்த நிறுவனங்கள் வழியாகத்தான் வாங்குகிறது. ‘அப்போஸ்டில்’ முத்திரைக்கான அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான், கூடவே சிறிய சேவைக் கட்டணம். யாராவது ஒரு சர்ட்டிஃபிகேட்டுக்குப் பல ஆயிரம் கேட்டால், அதில் மாநில அளவு வேலை எவ்வளவு, தூதரகக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். சவூதி, ஓமன், பஹ்ரைன் எல்லாம் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கும் நாடுகள். ஐக்கிய அரபு அமீரகம் அதில் இல்லை. அதனால் துபாய், அபுதாபிக்குத் தூதரக அட்டெஸ்டேஷன் தனியாக வேண்டும். ஒரே ரேட் கார்டை எல்லா நாட்டுக்கும் நீட்டுகிறவரிடம் உஷார்!

இன்னும் சில பேருக்கும் ஏஜென்ட் நியாயமான செலவுதான். ஆன்லைன் படிவம் பக்கமே போகாத வயதான அம்மா அப்பா, பத்துப் பேர் சேர்ந்து போகும் குடும்பக் குழு, ஏற்கெனவே மறுப்பு வாங்கி கேஸ் சிக்கலாகிவிட்டவர்கள். ஒருநாள் கடலுக்குப் போகாவிட்டால் அன்றைய வருமானம் போச்சு என்கிற மீனவருக்கு, மூன்று நாள் சென்னைக்கு அலைவதைவிட ஏஜென்ட் கூலி குறைவாகக்கூட இருக்கலாம். அது சரியான கணக்குதான். அலைச்சலுக்குக் கூலி கொடுங்கள், தப்பே இல்லை. பொய்க்குக் கொடுக்காதீர்கள்.

படிக்கப் போறீங்களா? ‘ஃப்ரீ’ன்னா யார் காசு?

“எங்க கன்சல்டன்சில ஒரு ரூபாகூட வாங்க மாட்டோம்” என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். உண்மையாகவும் இருக்கலாம். காரணம், நீங்கள் சேரும் பல்கலைக்கழகமோ கல்லூரியோ அவர்களுக்குக் கமிஷன் கொடுக்கிறது. இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை. ஆனால் உங்களுக்கு ஏற்ற காலேஜைவிட அவருக்குக் கமிஷன் தரும் காலேஜைத்தான் அவர் முதலில் காட்டுவார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். “எந்தெந்த யுனிவர்சிட்டியோட உங்களுக்கு டை-அப்?” என்று நேராகவே கேளுங்கள். நல்ல கன்சல்டன்ட் லிஸ்ட்டை எடுத்துக் காட்டுவார்.

2023-ல் கனடாவில் நடந்தது நினைவிருக்கிறதா? பஞ்சாபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். காரணம், பல ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்காக ஏஜென்ட் இணைத்துக் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதம் போலி. அங்கே போய் வேறு கல்லூரியில் படித்து, வேலையும் பார்த்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. மோசடியில் பங்கில்லாத மாணவர்களுக்குக் கனடா பிறகு வழி விட்டது. ஆனால் அதை அவர்கள் ஒவ்வொருவராக நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கனடா அரசே கல்லூரியிடம் நேரடியாகச் சரிபார்க்கிறது.

அந்த வேலையை நீங்கள் அஞ்சே நிமிஷத்தில் செய்யலாம். கடிதத்தில் இருக்கும் மாணவர் எண்ணை வைத்துக் கல்லூரியின் இணையதளத்தில் நீங்களே லாகின் செய்து பாருங்கள். இல்லையா, கல்லூரியின் அட்மிஷன் ஆபீஸுக்கு உங்கள் மெயிலிலிருந்து ஒரு மெயில் போடுங்கள்.

யாரிடம் காசு கொடுத்து ஆலோசனை கேட்கலாம் என்பதற்கும் அந்த நாடுகளில் சட்டம் உண்டு. கனடா விசா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு உங்கள் பிரதிநிதியாக நிற்பவர், அங்கே உரிமம் பெற்ற குடியேற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். அவரை நியமித்ததாக ஒரு படிவமும் கொடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளுக்கு ஒரு பதிவு எண் இருக்கும், அரசுத் தளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். பெயரைப் படிவத்தில் போட மறுக்கிற ஏஜென்ட், ‘நான் இந்த விண்ணப்பத்திலேயே இல்லை’ என்கிறார். பிரச்னை வந்தாலும் அதையேதான் சொல்வார்.

கடைசியாக ஒன்று. விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் மெயில் ஐ.டி, மொபைல் நம்பர், பாஸ்வேர்டு மூணும் உங்களுடையதாக இருக்கட்டும். ஏஜென்ட்டின் மெயில் ஐ.டி-யில் போட்டால், தூதரகம் கூடுதல் பேப்பர் கேட்பதும், மறுப்புக் கடிதம் வருவதும் அவர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

வேலைக்குப் போறீங்களா? இங்கதான் சட்டமே இருக்கு

வேலை விசாவில் “நானே பண்ணிக்கிறேன்” என்ற வார்த்தைக்கு அர்த்தம் வேறு. வேலை விசாவைப் பொதுவாக நீங்கள் போட முடியாது, வேலை கொடுக்கிற முதலாளிதான் அந்த நாட்டில் போட வேண்டும். அதனால் இங்கே கேள்வி ஏஜென்ட்டா நாமளா என்பதில்லை. அந்த ஏஜென்ட்டிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் ஆள் எடுத்தால் 2 ஆண்டு வரை சிறை. பதிவு வாங்கும்போது அவர் அரசிடம் வங்கி உத்தரவாதமும் கொடுக்க வேண்டும். வேலை கொடுத்தவர் கைவிட்டால், தொழிலாளியை ஊருக்குத் திரும்ப அழைத்துவரும் செலவுக்கு அது கைகொடுக்கும். லைசென்ஸ் என்பது வெறும் பிரேம் போட்ட காகிதம் கிடையாது. அதன் பின்னால் உங்கள் ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது.

தொழிலாளியிடம் இந்த ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். 18% ஜி.எஸ்.டி சேர்த்து 35,400 ரூபாய். ரசீதும் கொடுக்க வேண்டும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று ‘விசா காசு’ கேட்பதை நாம் ஊர் வழக்கமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். சட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அமீரகச் சட்டமும் ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது, முதலாளிதான் ஏற்க வேண்டும் என்றே சொல்கிறது.

இப்போது அந்த இ.சி.ஆருக்கு வருவோம். 10-ம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இந்த வகையில் வரும். சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் கட்டாயம். ‘இ-மைக்ரேட்’ என்ற அரசுத் தளம் வழியாக வேலை ஒப்பந்தம், விசா, காப்பீடு எல்லாம் பார்த்த பிறகு ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ அலுவலகம் இதைத் தரும். சென்னையிலும் இந்த அலுவலகம் உண்டு.

‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்ற காப்பீடும் இதோடு சேர்ந்தது. 2 ஆண்டுக்கு 275 ரூபாய், 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு. “கிளியரன்ஸ் எல்லாம் வேண்டாம், விசிட் விசால போயிட்டு அங்க மாத்திக்கலாம்” என்று ஏஜென்ட் சொன்னால், இந்த ஒப்பந்தம், காப்பீடு, திரும்பிவரும் டிக்கெட் மூன்றையும் சேர்த்துத்தான் அவர் உங்கள் கையிலிருந்து பிடுங்குகிறார். விசிட் விசாவில் வேலை பார்த்துச் சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூடத் தயங்குவீர்கள். ஏனென்றால் அங்கே சட்டப்படி தவறு செய்தவர் நீங்களும்தான்.

10-ம் வகுப்பு பாஸ் பண்ணியும் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர் இருக்கிறதா? சான்றிதழைக் காட்டி மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து நீக்கலாம். வருமான வரி கட்டுகிறவர்களும், 50 வயது தாண்டியவர்களும்கூட நீக்கக் கேட்கலாம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே அப்பாயின்ட்மென்ட் போடலாம், கோவளம் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரம் சேவா மையம் இருக்கிறது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். வெளிநாட்டு முதலாளி கேட்கும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றுக்கு 500 ரூபாய். ரெண்டுக்கும் ஏஜென்ட் தேவையே இல்லை.

நர்ஸ்களுக்கு ஒரு தனி விதி. 2015 முதல் அந்த 18 நாடுகளுக்குப் போகும் நர்ஸ்கள், பாஸ்போர்ட் எந்த வகையாக இருந்தாலும் கிளியரன்ஸ் வாங்கியே ஆக வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களை அனுப்ப அனுமதி பெற்ற அரசு நிறுவனங்களில் ஒன்று. 1978-ல் தொடங்கப்பட்டது, சென்னை கிண்டியில் இருக்கிறது. நர்ஸ் மட்டுமல்ல, டிரைவர், டெக்னீஷியன் எனப் பல வேலைக்கும் ஆள் எடுக்கிறது. தனியார் ஏஜென்ட் வாசலுக்குப் போகும் முன் இங்கே ஒருமுறை பதிவு செய்து பாருங்களேன்.

மீன்பிடி வேலைக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமா, பிடிக்கிற மீனில் பங்கா? பங்கு என்றால் டீசல், ஐஸ் செலவெல்லாம் யார் கணக்கில் போகும்? மீன் கிடைக்காத மாதம் என்ன? வாயால் சொல்வது கடல் தாண்டினால் மாறிவிடும். ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

‘தாய்லாந்துல ஐ.டி வேலை’: இதையும் படிச்சிடுங்க

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைத்தால் தப்பு. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்’ வேலை என்று சொல்லி, கம்ப்யூட்டர் தெரிந்த இளைஞர்களை வரவழைத்து, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திப்போய், ஆன்லைன் மோசடி வேலையில் பூட்டிவைக்கிறார்கள் என்பதே அது. அடுத்த மாதமே அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் மட்டும் விமானப்படை விமானங்களில் 500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் தாய்லாந்து வழியாக அழைத்துவரப்பட்டார்கள்.

இதன் அடையாளங்கள் எல்லாம் ஒரே மாதிரி. டெலிகிராமிலோ இன்ஸ்டாவிலோ வரும் ஆஃபர். இன்டர்வியூ என்ற பெயரில் ஒரு டைப்பிங் டெஸ்ட். தகுதிக்கு மீறிய சம்பளம். வேலை விசா இல்லாமல் டூரிஸ்ட்டாகவே டிக்கெட். “செலவு எல்லாம் கம்பெனி பார்த்துக்கும்” என்ற தேன். இந்த ஐந்தில் ரெண்டு பொருந்தினாலும் பெட்டியைக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கீங்களா?

அங்கே போன பிறகும் ஏஜென்ட் பேச்சு முடிவதில்லை. விசா புதுப்பிக்க, குடும்பத்தைக் கூப்பிட, வேலை மாற எல்லாவற்றுக்கும் ‘நம்ம ஊர் ஆள்’ ஒருவர் இருப்பார். அமீரகத்தில் டைப்பிங் சென்டருக்குப் போய்ப் படிவம் நிரப்புவது இயல்பான விஷயம், செலவும் அதிகமில்லை. ஆனால் ‘ரெனியூ ஆகிட்டிருக்கு’ என்று யார் சொன்னாலும் விசா நிலையை அரசு ஆப்பில் நீங்களே பாருங்கள். அங்கே காலம் தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் அபராதம். ஏஜென்ட் தூங்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் ஏறும். சவூதியில் இருப்பவர்களுக்கு இகாமா தேதியைப் பார்க்க ‘அப்ஷர்’, வேலை ஒப்பந்தத்தைப் பார்க்க ‘கிவா’ என்று அரசுத் தளங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர் வேலைக்கு வந்த ஒப்புதல் கடிதத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் தளத்திலேயே சரிபார்க்கலாம். அதில் இருக்கும் அடிப்படைச் சம்பளமும் ஏஜென்ட் சொன்ன தொகையும் ஒன்றா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

பாஸ்போர்ட்டை ‘பத்திரமா வெச்சிருக்கேன்’ என்று யாரும் வாங்கி வைத்துக்கொள்ள விடாதீர்கள். 1967-ம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. உங்கள் கையில் இருக்க வேண்டியது.

காசு கொடுக்கும் முன் 7 கேள்விகள்

1. உங்கள் லைசென்ஸ் எண் என்ன? (வேலைக்கு என்றால் இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட்டுகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.)
2. லைசென்ஸ் உங்கள் பெயரிலா, வேறு கம்பெனி பெயரிலா? (சப்-ஏஜென்ட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை.)
3. மொத்தத் தொகையில் அரசுக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு?
4. ரசீது தருவீர்களா, பணம் கம்பெனியின் வங்கிக் கணக்குக்கா?
5. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும்? எழுதித் தருவீர்களா?
6. எந்த வகை விசா? அதன் பெயரை எழுதிக் காட்டுங்கள்.
7. அனுப்பும் முன் முழு விண்ணப்பத்தையும் நான் படிக்கலாமா, ஒரு காப்பி கிடைக்குமா?

ஏழாவது கேள்விக்குத் தயங்குகிறவரிடம் மற்ற ஆறையும் கேட்கவே தேவையில்லை. எழுந்து வந்துவிடுங்கள்.

ஏமாந்துட்டா என்ன பண்றது?

வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடியுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். வேலை மோசடி என்றால் உள்ளூர் காவல் நிலையத்திலும், சென்னைக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா எண் 1800 11 3090, இலவசம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறையின் இலவச எண் 1800 309 3793. ஏற்கெனவே வெளிநாட்டில் சிக்கியிருப்பவர்களின் குடும்பம், அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் புகாரைப் பதிவு செய்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் சாட், ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். இவைதான் சாட்சி.

சுருக்கமாகச் சொன்னால், டூருக்கு நீங்களே போடுங்கள். படிப்புக்கு ஆலோசனை கேளுங்கள், ஆனால் லாகினைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு லைசென்ஸ் இல்லாத ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் விண்ணப்பத்தின் அடியில் ‘மேலே சொன்னதெல்லாம் உண்மை’ என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுப் போடுங்கள்.